ஃபெரெட்டின் கடும் இரத்த சோகை: பரிசோதனை எண்களைப் படிக்கும் முறை

இரத்த சோகை என்பது தனியொரு நோயன்று. உடலில் எங்கோ நேர்ந்துள்ள ஒரு கோளாற்றின் அறிகுறி. இரத்தம் கசிந்து வெளியேறியிருக்கலாம்; உடலுக்குள்ளேயே சிவப்பணுக்கள் சிதைந்திருக்கலாம்; அல்லது அவற்றை ஆக்கித் தரவேண்டிய எலும்பு மஜ்ஜை தன் வேலையை நிறுத்தியிருக்கலாம். இம்மூன்றுக்கும் வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றே: வெளிறிய ஈறு, சோர்வு, விரைந்த மூச்சு, உணவில் வெறுப்பு. ஆனால் சிகிச்சை மூன்றுக்கும் வேறு வேறு. எது காரணம் என்று பிரித்தறிய உதவுவது இரத்தப் பரிசோதனை. அதன் எண்களைத் தவறாகப் படித்தால், பிழைக்கக்கூடிய பிராணியும் இறந்துபோக நேரும்.

இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் பிராணி ஒன்று உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீடுகளில் செல்லமாக வளர்க்கப்படும் ஃபெரெட் என்பதே அது. இந்தியக் கிராமங்களில் பணிபுரியும் களப் பணியாளர் தம் வாழ்நாளில் ஒரு ஃபெரெட்டையும் காணாதிருக்கலாம். எனினும் அதன் இரத்தம் கற்பிக்கும் பாடம் ஆட்டுக்கும் பொருந்தும், நாய்க்கும் பொருந்தும். ஆதலின் அதனை அறிந்துகொள்வது பயனுடையது.

ஃபெரெட் என்னும் பிராணி

நீண்ட உடலும், குட்டைக் கால்களும், கூரிய பற்களும் உடைய ஊனுண்ணி ஃபெரெட். பார்வைக்கு நம் நாட்டுக் கீரியை ஒருவாறு ஒத்திருக்கும். ஆயினும் கீரியினத்தைச் சேர்ந்ததன்று. நீர்நாய் அடங்கிய குடும்பமே ஃபெரெட்டின் குடும்பமும் ஆகும். ஐரோப்பியக் காடுகளில் வாழும் போல்காட் என்ற பிராணியிலிருந்து மனிதன் இதனைப் பழக்கி எடுத்தான். வளைகளிலிருந்து முயல்களை விரட்டி வெளியேற்ற நெடுங்காலம் இது பயன்பட்டு வந்தது. பெண் ஃபெரெட்டின் எடை பெரும்பாலும் ஒரு கிலோகிராமுக்குக் குறைவு. ஆண் அதனினும் பெரியது.

விஞ்ஞான வரலாற்றிலும் ஃபெரெட்டுக்கு இடமுண்டு. 1933ஆம் ஆண்டில் இலண்டன் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெயிட்லா ஆகிய மூவரும், இன்புளுவென்சா நோயாளிகளின் தொண்டையைக் கழுவிய நீரை ஃபெரெட்டுகளின் மூக்கில் செலுத்தி அந்நோயை உண்டாக்கினர். மனிதனின் இன்புளுவென்சா வைரஸால் உண்டாவது என்று உறுதிப்பட்டது இவ்வாறுதான். இன்றும் அந்நோயின் ஆராய்ச்சியில் ஃபெரெட் முக்கியமான சோதனைப் பிராணியாக விளங்குகிறது. ஆகவே இதன் இரத்தத்தைப் பற்றிய அறிவு, வளர்ப்போருக்கு மட்டுமன்றிச் சோதனைச் சாலைகளுக்கும் தேவையாயிற்று.

இயல்பு அளவு பிராணிக்குப் பிராணி வேறு

இரத்த சோகையை அளக்க எளிய வழி ஹெமட்டோக்ரிட் சோதனையாகும். உறையாமல் காக்கும் மருந்து கலந்த இரத்தத்தை ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஒரு முனையை அடைத்து, மையவிலக்கு இயந்திரத்தில் வைத்து வேகமாகச் சுழற்றினால், கனமான சிவப்பணுக்கள் அடியில் திரளும். அவற்றின்மேல் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் மெல்லிய வெண்படலமாகத் தங்கும். அதற்கு மேல் பிளாஸ்மா என்னும் தெளிந்த நீர் நிற்கும். மொத்த உயரத்தில் சிவப்பணுக்களின் உயரம் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதே ஹெமட்டோக்ரிட் எண். மருத்துவ நிலையங்களில் இதனைப் பி.சி.வி. என்று சுருக்கமாகக் கூறுவர். மாக்ஸ்வெல் வின்ட்ரோப் என்ற அமெரிக்க மருத்துவர் இதற்கென அளவு குறித்த குழாயை 1929இல் விவரித்து வெளியிட்டார். பின்னர் குழாய் சிறுத்தது. சில துளி இரத்தமே போதுமானதாயிற்று.

இந்த எண்ணுக்குத் தனியாகப் பொருள் இல்லை என்பதே முதற் பாடம். ஆரோக்கியமான வெள்ளாட்டின் ஹெமட்டோக்ரிட் 22 முதல் 38 வரை இருக்கும். செம்மறியாட்டுக்கு 27 முதல் 45 வரையிலும், மாட்டுக்கு 24 முதல் 46 வரையிலும், நாய்க்கு 37 முதல் 55 வரையிலும் இயல்பு. ஃபெரெட்டுக்கோ ஏறத்தாழ 43 முதல் 60 வரை இருத்தல் வேண்டும். ஒரு சீட்டில் 30 என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அச்சீட்டு வெள்ளாட்டுடையதாயின் கவலைப்பட ஒன்றுமில்லை. நாயினுடையதாயின் காரணத்தைத் தேடவேண்டும். ஃபெரெட்டினுடையதாயின் அதன் சிவப்பணுக்களில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஏற்கெனவே போய்விட்டிருக்கலாம். நாயின் அட்டவணையை வைத்துக்கொண்டு ஃபெரெட்டின் சீட்டைப் படிப்பவர் 38 என்ற எண்ணைக் கண்டு நிம்மதி கொள்வார். அந்த நிம்மதிக்கு ஆதாரமில்லை.

ஹீமோகுளோபின் அளவும் இதனோடு ஒத்துச் செல்லும். இயல்பான ஃபெரெட்டின் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 15 முதல் 18 கிராம் வரை ஹீமோகுளோபின் இருக்கும். பொதுவாக ஹீமோகுளோபின் எண்ணை மூன்றால் பெருக்கினால் ஹெமட்டோக்ரிட் எண் ஏறக்குறையக் கிடைக்கும். ஹீமோகுளோபின் 15 என்றும் ஹெமட்டோக்ரிட் 28 என்றும் ஒரே சீட்டில் இருந்தால், இரண்டில் ஒன்று தவறாக அளக்கப்பட்டிருக்கக் கூடும். நோயைப் பற்றி எண்ணுமுன் சோதனையைத் திரும்பச் செய்வதே முறை.

முடிவுறாத பருவம்

வளர்ப்புப் பெண் ஃபெரெட்டுகளுக்கு வரும் கடும் இரத்த சோகைக்கு மிகவும் பெயர்பெற்ற காரணம் ஒன்று உண்டு. அது கிருமியுமன்று, உணவுக் குறைவுமன்று; அந்தப் பிராணியின் இனப்பெருக்க அமைப்பே அதற்குக் காரணம்.

பகற்பொழுது நீளும்போது ஃபெரெட் இனப்பெருக்கப் பருவத்தை அடைகிறது. வட கோளார்த்தத்தில் வசந்த காலத்தில் தொடங்கும் இப்பருவம் கோடையின் இறுதிவரை நீடிக்கக்கூடும். ஒளியே இதனைத் தூண்டுகிறது என்பதை பிஸ்ஸனெட் என்ற விஞ்ஞானி 1932இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். குளிர்காலத்தில் இருட்டிய பின்னரும் மின்விளக்கை எரியவிட்டபோது, ஃபெரெட்டுகள் காலத்துக்கு முந்தியே பருவமடைந்தன. வீட்டுக்குள் இரவு நெடுநேரம் விளக்கொளியில் வாழும் ஃபெரெட்டுக்குப் பருவம் முன்கூட்டியே வருவதற்கு இதுவே விளக்கம்.

பசுவும் ஆடும் பருவத்துக்கு வந்தால், ஆணைச் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், குறித்த காலத்தில் சினைமுட்டை வெளிப்பட்டுப் பருவம் தணிந்துவிடும். ஃபெரெட்டில் அவ்வாறில்லை. ஆணுடன் சேர்ந்த பிறகே அதன் சினைமுட்டை வெளிப்படும். சேர்க்கை நிகழாவிடில் பருவம் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், தொடர்ந்துகொண்டே போகும். அக்காலமெல்லாம் சூலகம் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைச் சுரந்துகொண்டிருக்கும்.

ஈஸ்ட்ரோஜன் அளவோடு இருப்பின் தீங்கில்லை. நெடுங்காலம் மிகுந்திருப்பின் ஃபெரெட்டின் எலும்பு மஜ்ஜை அதனால் ஒடுங்கிப்போகிறது. செல்லப் பிராணிகளான ஃபெரெட்டுகளில் பருவத்தோடு சேர்ந்து தோன்றும் இத்தகைய சோகையைப் பற்றி 1981இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ ஆய்வேடு ஒன்றில் விவரம் வெளியாயிற்று. ஈஸ்ட்ரோஜனே மஜ்ஜையை ஒடுக்குகிறது என்பதை 1983இல் வெளியான சோதனை முடிவுகள் உறுதிப்படுத்தின. சேர்க்கையின்றி நீண்ட பருவத்தில் விடப்பட்ட பெண் ஃபெரெட்டுகளில் பாதியளவு வரை இதற்கு இரையாகக் கூடும் என்று கால்நடை மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன.

வளர்ப்பவரின் கண்ணுக்கு இந்த ஆபத்து ஆபத்தாகத் தோன்றுவதில்லை. பருவத்திலிருக்கும் பெண்ணின் பிறப்புறுப்பு பெரிதாக வீங்கியிருக்கும். அஃது இயல்பென்று எண்ணி, தானே தணியுமென்று அவர் காத்திருப்பார். பிராணியும் முதற் சில வாரங்கள் ஓடி விளையாடும், உணவு கொள்ளும். பின்னர் வாலடியிலும் இடுப்பிலும் இருபுறமும் ஒரே சீராக மயிர் உதிரும். சோர்வு மிகும். ஈறு வெளிறும். தோலிலும் ஈறுகளிலும் குண்டூசித் தலையளவு சிவந்த புள்ளிகள் தோன்றும். மலம் கறுத்து வரும். பின்னங்கால்கள் தளரும். பிராணியை மருத்துவரிடம் கொண்டுவரும் வேளையில் பெரும்பகுதி நாசம் நேர்ந்து முடிந்திருக்கும்.

எது முதலில் குறைகிறது?

ஏன் இத்தனை தாமதமாக நோய் வெளிப்படுகிறது என்பதற்கு விடை அணுக்களின் ஆயுளில் உள்ளது. சிவப்பணு, வெள்ளணு, தட்டணு ஆகிய மூன்றும் எலும்பு மஜ்ஜையிலேயே தோன்றுகின்றன. ஆனால் அவை இரத்தத்தில் வாழும் காலம் ஒன்றுபோல் இல்லை. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களுள் பெரும்பான்மையான நியூட்ரோபில் என்பவை இரத்தத்தில் சில மணி நேரமே தங்குகின்றன. இரத்தப் போக்கை அடைக்கும் தட்டணுக்கள் சில நாட்களே வாழ்கின்றன. சிவப்பணுக்களோ மாதக்கணக்கில் வாழ்பவை. மனிதனில் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள்.

ஆற்றில் வரத்து நின்றால் மறுநாளே பெரிய ஏரி வற்றிவிடுவதில்லை. வாய்க்கால் ஓரத்துச் சிறு குட்டைகள் முதலில் வற்றும். ஏரி கடைசியில் வற்றும். மஜ்ஜையின் வரத்து நின்றபோதும் இதுவே நிகழ்கிறது. தட்டணுக்களும் வெள்ளணுக்களும் முதலில் குறைகின்றன. சிவப்பணுக்கள் மெல்ல மெல்லக் குறைகின்றன. ஆகவே, மஜ்ஜை ஒடுங்கியதால் உண்டாகும் நோயில் சோகை என்பது இறுதியில் தோன்றும் அடையாளம். ஹெமட்டோக்ரிட் எண் 40 என்று நின்றுகொண்டிருக்கும்போதே தட்டணுக்கள் அபாய நிலைக்கு இறங்கியிருக்கலாம்.

இயல்பான ஃபெரெட்டின் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 3 இலட்சம் முதல் 9 இலட்சம் வரை தட்டணுக்கள் உண்டு. இவை 50,000க்குக் கீழே இறங்கினால் இரத்தப் போக்குக்கு இடமுண்டு. 20,000 என்ற அளவுக்கு வந்துவிட்டால் காயமின்றியே குடலிலும் தண்டுவடத்தைச் சுற்றியும் இரத்தம் கசியத் தொடங்கும். பருவ நீட்டிப்பால் இறக்கும் ஃபெரெட்டுகளில் பெரும்பாலானவற்றின் மரணத்துக்கு நேரான காரணம் இந்த இரத்தக் கசிவேயாகும். இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. நோயின் தொடக்கத்தில் சிறிது காலம் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் இயல்புக்கு மேல் உயர்வதும் உண்டு. அந்த உயர்வை மஜ்ஜையின் வலிமை என்று கொள்ளலாகாது.

ஒரே எண், மூன்று பொருள்

ஹெமட்டோக்ரிட் 20 என்று குறித்த மூன்று சீட்டுகளை எடுத்துக்காட்டாக அமைத்துக்கொள்ளலாம். மூன்றும் ஃபெரெட்டுகளுடையவை; மூன்றும் கடுஞ் சோகையைக் காட்டுபவை.

முதற் சீட்டில் பிளாஸ்மாவின் புரதம் குறைந்துள்ளது, தட்டணுக்கள் போதிய அளவு உள்ளன, இளஞ்சிவப்பணுக்கள் மிகுந்துள்ளன. இளஞ்சிவப்பணு என்பது மஜ்ஜையிலிருந்து புதிதாக வெளிவந்த, முற்றும் முதிராத சிவப்பணு. இதனை ரெட்டிகுலோசைட் என்பர். இவை மிகுந்திருத்தல், மஜ்ஜை உயிரோட்டத்துடன் இழப்பை ஈடுசெய்ய முயல்வதைக் காட்டும். புரதமும் அணுக்களும் சேர்ந்தே குறைந்திருப்பதால் முழு இரத்தமும் வெளியேறியிருக்க வேண்டும். ஃபெரெட்டின் இரைப்பையில் ஹெலிகோபாக்டர் மஸ்டெலே என்ற கிருமி புண்ணை உண்டாக்கக் கூடும். அப்புண்ணிலிருந்து இரத்தம் கசிந்தால் மலம் கறுக்கும். தெள்ளுப்பூச்சிகள் மிகுந்து மொய்த்தாலும் சிறிய பிராணிக்கு இந்நிலை வரலாம்.

இரண்டாம் சீட்டில் பிளாஸ்மா மஞ்சளித்திருக்கிறது, புரதம் குறையவில்லை, இளஞ்சிவப்பணுக்கள் மிகுந்துள்ளன. இரத்தம் வெளியே போகவில்லை. உள்ளேயே சிவப்பணுக்கள் சிதைகின்றன என்று ஐயுற இடமுண்டு. துத்தநாகம் கலந்த பொருளைக் கடித்து விழுங்கிய ஃபெரெட்டுக்கு இவ்வாறு நேரலாம். ஈரல் நோயிலும் பிளாஸ்மா மஞ்சளிக்கும்; ஆதலின் அதனையும் சேர்த்தே ஆராயவேண்டும்.

மூன்றாம் சீட்டில் தட்டணு, வெள்ளணு இரண்டும் குறைந்துள்ளன. இளஞ்சிவப்பணுக்கள் அநேகமாக இல்லை. மஜ்ஜை விடை கூறவில்லை என்பது இதன் பொருள். பிராணி கருத்தடை செய்யப்படாத பெண்ணாக இருந்து, பிறப்புறுப்பும் வீங்கியிருந்தால், காரணம் பெரும்பாலும் நீண்ட பருவமே. கருத்தடை செய்யப்பட்ட பெண்ணிலும் இத்தகைய வீக்கம் தோன்றுவது உண்டு. அறுவையின்போது சூலகத்தின் ஒரு துண்டு தங்கிவிட்டிருக்கலாம். அல்லது அட்ரினல் சுரப்பியில் வளர்ந்த கட்டி பாலின ஹார்மோன்களைச் சுரக்கலாம். மஜ்ஜையில் பரவும் புற்றுநோயும் இதே போன்ற சீட்டைத் தரக்கூடும்.

இளஞ்சிவப்பணுக்களின் சதவீதத்தைப் படிப்பதில் ஒரு சிறு கணக்கு இன்றியமையாதது. மொத்தச் சிவப்பணுக்கள் குறைந்திருக்கும்போது, சிறிதளவு இளஞ்சிவப்பணுக்களும் பெரிய சதவீதமாகத் தோன்றும். ஆகவே கிடைத்த சதவீதத்தைப் பிராணியின் ஹெமட்டோக்ரிட்டால் பெருக்கி, அவ்வினத்தின் இயல்பான ஹெமட்டோக்ரிட்டால் வகுக்க வேண்டும். ஒரு ஃபெரெட்டின் இளஞ்சிவப்பணு 3 சதவீதம், ஹெமட்டோக்ரிட் 15, இயல்பு 50 எனின், திருத்திய அளவு 3ஐ 15ஆல் பெருக்கி 50ஆல் வகுத்த 0.9 சதவீதமேயாகும். 3 என்பதைக் கண்டு மஜ்ஜை வேலை செய்கிறது என்று எண்ணியவர் 0.9 என்பதைக் கண்டதும் தம் முடிவை மாற்றிக்கொள்வார்.

காலத்தையும் மறக்கலாகாது. திடீரென இரத்தம் வெளியேறிய முதற் சில மணி நேரங்களில் அணுக்களும் பிளாஸ்மாவும் சேர்ந்தே போவதால் ஹெமட்டோக்ரிட் எண் மாறாமல் இருக்கும். இளஞ்சிவப்பணுக்கள் மிகுவதற்கு மூன்று நான்கு நாட்கள் ஆகும். முதல் நாளில் அவை இல்லை என்பதனால் மஜ்ஜை செயலற்றது என்று தீர்ப்புக் கூறுவது அவசரமாகும். சில நாட்கள் இடைவிட்டு எடுத்த இரண்டு சீட்டுகள், ஒரு சீட்டைவிட மிகுதியான உண்மையைக் கூறும்.

எண் பொய் கூறும் இடங்கள்

சோதனை சரியாக நடந்தும் எண் தவறான எண்ணத்தை உண்டாக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. ஃபெரெட்டில் இவற்றுள் முக்கியமானது மயக்க மருந்தைப் பற்றியது. துள்ளி நழுவும் பிராணியாதலின், இரத்தம் எடுப்பதற்காக அதனை ஐசோஃபுளூரேன் என்ற வாயுவால் மயக்குவது பல மருத்துவ நிலையங்களின் வழக்கம். அம்மயக்கத்தில் சிவப்பணுக்களில் பெரும்பகுதி மண்ணீரலில் சென்று தங்கிவிடுவதால், ஹெமட்டோக்ரிட், ஹீமோகுளோபின், சிவப்பணு எண்ணிக்கை ஆகிய மூன்றும் சில நிமிடங்களிலேயே வெகுவாகக் குறைகின்றன என்று 1994இல் வெளியான ஆய்வு காட்டிற்று. மயக்கம் தெளிந்தபின் அவை மீண்டும் உயர்கின்றன. ஆரோக்கியமான ஃபெரெட்டும் இதனால் சோகையுடையதுபோல் தோன்றும். ஆதலின் இரத்தம் மயக்கத்தில் எடுக்கப்பட்டதா, விழிப்பில் எடுக்கப்பட்டதா, மயக்கத்திலெனின் தொடங்கி எத்தனை நிமிடங்களில் என்பதைச் சீட்டிலேயே குறித்தல் வேண்டும்.

நீர்வறட்சி இதற்கு நேர்மாறானது. நீர் குறைந்த உடலில் பிளாஸ்மா சுருங்குவதால் ஹெமட்டோக்ரிட் உயர்ந்து காட்டும். உண்மையான சோகை மறைந்துவிடும். நீர் ஏற்றிய மறுநாள் எண் திடீரென வீழ்ந்தால், புதிதாக இரத்தம் போயிற்று என்று அஞ்சவேண்டுவதில்லை; மறைந்திருந்தது வெளிப்பட்டது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். புரத அளவையும் சேர்த்துப் பார்த்தால் இக்குழப்பம் நீங்கும்.

குழாயில் நேரும் பிழைகளும் உள. ஈ.டி.டி.ஏ. மருந்துள்ள குழாயில் குறைந்த அளவு இரத்தத்தை விட்டால், மருந்து மிகுந்து அணுக்கள் சுருங்கும். ஹெமட்டோக்ரிட் குறைந்து காட்டும். இரத்தத்தை உடனே மெதுவாகக் கலக்காவிடில் சிறு கட்டிகள் உறையும். தட்டணுக்கள் அவற்றில் சிக்கி, எண்ணிக்கை பொய்யாகக் குறையும். தட்டணு குறைந்த சீட்டு வந்தால், கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைப் பூசி நுண்பெருக்கியில் பார்த்தே அதனை நம்பவேண்டும்.

மேலும், ஃபெரெட்டின் உடலிலுள்ள இரத்தம் மிகக் குறைவு. ஒரு கிலோகிராம் எடையுள்ள ஆணின் மொத்த இரத்தம் ஏறத்தாழ 60 மில்லிலிட்டர். முக்கால் கிலோகிராம் எடையுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 40 மில்லிலிட்டர். ஆரோக்கியமான பிராணியிடமிருந்து இதில் பத்திலொரு பங்குக்கு மேல் எடுப்பது தகாது. சோகையுற்றதிடமிருந்து அதனினும் மிகக் குறைவாகவே எடுக்கவேண்டும். அடிக்கடி சோதிக்கும் ஆர்வமே சோகையை வளர்த்துவிடக் கூடாது.

சிகிச்சையும் தடுப்பும்

நீண்ட பருவத்தால் வந்த சோகைக்கு முதல் தேவை ஈஸ்ட்ரோஜனின் ஊற்றை அடைப்பது. சினைமுட்டையை வெளிப்படச் செய்யும் ஹார்மோன் ஊசியை மருத்துவர் இடுவார். சில நாட்களில் வீக்கம் தணியத் தொடங்குவது அது பயன்பட்டதற்கு அடையாளம். சூலகத்தை அகற்றும் அறுவையே நிரந்தரத் தீர்வு. ஆயினும் தட்டணு குறைந்த பிராணியை உடனே அறுத்தல் ஆபத்தானது. முதலில் ஊசி, பின்னர் உடல் தேறியதும் அறுவை என்பதே பாதுகாப்பான வரிசை.

பிழைக்கும் வாய்ப்பை ஹெமட்டோக்ரிட் எண் ஓரளவு முன்னுணர்த்தும். அது 25க்கு மேல் இருப்பின் நம்பிக்கை மிகுதி. 15க்கும் 25க்கும் இடையில் இருப்பின் எதுவும் உறுதியில்லை. இரத்தம் ஏற்றவேண்டி வரலாம். 15க்குக் கீழே இறங்கியபின் பிழைப்பவை சிலவே. இரத்தம் ஏற்றுவதில் ஃபெரெட்டுக்கு ஒரு வசதி உண்டு. மனிதரிலும் நாய்களிலும் காணப்படுவது போன்ற இரத்த வகைகளை ஃபெரெட்டுகளில் கண்டறிய இயலவில்லை என்று 1990இல் வெளியான ஆய்வு கூறிற்று. ஆதலின் ஆரோக்கியமான பெரிய ஆண் ஃபெரெட்டின் இரத்தத்தை மற்றொன்றுக்கு ஏற்றுவது எளிது. ஆனால் ஏற்றிய இரத்தம் காலத்தை மட்டுமே வாங்கித் தரும். மஜ்ஜை மீண்டும் விழிக்க வாரங்கள், சில வேளை மாதங்கள், ஆகும். அதுவரை நோய்க்கிருமிகளிலிருந்தும் காயத்திலிருந்தும் பிராணியைக் காக்கவேண்டும்.

வெளிறிய பிராணிக்கு இரும்புச் சத்து மருந்து கொடுப்பது பலரின் வழக்கம். இரத்தம் கசிந்து இரும்பு இழந்த பிராணிக்கு அது துணைபுரியும். மஜ்ஜை ஒடுங்கிய பிராணிக்கோ இரும்பு குறையவில்லை. அதனைப் பயன்படுத்தும் பட்டறையே மூடிக்கிடக்கிறது. அங்கு இரும்பு மருந்தால் விளைவது காலதாமதம் ஒன்றே.

இந்நோய் பெரும்பாலும் தடுக்கக் கூடியது. இனப்பெருக்கத்துக்கு வேண்டாத பெண்ணுக்குப் பருவம் வருமுன் கருத்தடை செய்யலாம். எனினும் கருத்தடை செய்யப்பட்ட ஃபெரெட்டுகளில் அட்ரினல் நோய் மிகுதியாகக் காணப்படுவதால், டெஸ்லோரெலின் என்ற மருந்தைத் தோலடியில் பதித்துப் பருவத்தை நிறுத்தும் முறையும் கையாளப்படுகிறது. விந்துக்குழாய் துண்டிக்கப்பட்ட ஆணுடன் சேரவிட்டுப் பருவத்தைத் தணிப்பது ஐரோப்பிய வளர்ப்போரின் பழைய வழி. எந்த முறையாயினும் வீக்கத்தைக் கண்டவுடன் செயற்படவேண்டும்; ஈறு வெளிறும்வரை காத்திருத்தல் கூடாது.

களப் பணியாளரும் ஆசிரியரும் கொள்ளவேண்டியவை

இந்தியக் களப் பணியாளர் நாள்தோறும் காணும் சோகைகள் வேறு. வெள்ளாட்டின் இரைப்பையில் ஒட்டி இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழு முழு இரத்தத்தையும் வடியச் செய்கிறது. தாடையின் கீழ் நீர் கோத்து வீங்குவது புரதம் போயிற்று என்பதன் அடையாளம். உண்ணிகள் பரப்பும் பாபேசியா நாயின் சிவப்பணுக்களை உள்ளேயே சிதைக்கிறது. அதே உண்ணிகள் பரப்பும் எர்லிக்கியா கெனிஸ், நோய் முற்றிய நாயின் மஜ்ஜையை ஒடுக்கி மூவகை அணுக்களையும் குறைத்துவிடக் கூடும். ஃபெரெட்டின் மூன்று சீட்டுகளில் கண்ட இழப்பு, சிதைவு, ஆக்கமின்மை என்ற மூன்றுமே இவற்றிலும் உள்ளன. நாயின் மஜ்ஜையும் மிகுதியான ஈஸ்ட்ரோஜனுக்கு எளிதில் ஒடுங்குவது. தேவையற்ற சினையைக் கலைக்க அந்த ஹார்மோனை ஊசியாக இட்டுவந்த வழக்கத்தைக் கால்நடை மருத்துவர்கள் கைவிட்டமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே ஒவ்வொரு மாதிரியுடனும் அனுப்பும் குறிப்பில் பிராணியின் இனம், பால், வயது, கருத்தடை செய்யப்பட்டதா என்பது, பருவத்தில் உள்ளதா என்பது, நோய் கண்டு எத்தனை நாள், மயக்க மருந்து தரப்பட்டதா, ஏற்கெனவே தந்த மருந்துகள் யாவை என்பனவற்றை எழுதுதல் வேண்டும். இக்குறிப்பு இல்லாத எண் பாதி எண்ணேயாகும். சீட்டு திரும்பி வந்ததும் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்கலாம். இவ்வினத்துக்கு இயல்பு எவ்வளவு? புரதம் குறைந்ததா? தட்டணுவும் வெள்ளணுவும் எந்நிலையில் உள்ளன? மஜ்ஜை விடை கூறுகிறதா? இந்நான்குக்கும் விடை கிடைத்தால் காரணம் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

ஆசிரியர்கள் இதனை உயிரியல் வகுப்பிலும் கணக்கு வகுப்பிலும் பயன்படுத்தலாம். 100 மில்லிமீட்டர் உயரமுள்ள குழாய் நான்கைக் கரும்பலகையில் வரைந்து, நான்கிலும் 30 மில்லிமீட்டர் வரை சிவப்புச் சுண்ணத்தால் நிரப்பி, வெள்ளாடு, மாடு, நாய், ஃபெரெட் என்று பெயரிட்டால், எந்தப் பிராணிகள் நோயுற்றவை என்று மாணவர் தாமே அட்டவணையைப் பார்த்துக் கூறுவர். இளஞ்சிவப்பணுக் கணக்கு சதவீதத்துக்கு நல்ல பயிற்சி. ஒரே எண் ஓரிடத்தில் நலத்தையும் மற்றோரிடத்தில் ஆபத்தையும் குறிக்கலாம் என்பதை இளம் வயதிலேயே உணர்ந்த மாணவன், பின்னாளில் எந்த அட்டவணையைப் படிப்பதாயினும் அது எதனோடு ஒப்பிடப்படுகிறது என்று கேட்கத் தவறமாட்டான்.